கிராம் நெகட்டிவ்னா கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க: ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டுக்குள்ள மூணு நாள்ல என்ன நடக்குது

கல்ச்சர்னா சாம்பிள்ல இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட். எங்க லேப் ஜன்னல்ல ஒருத்தர் அவங்கம்மாவோட யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்ட வாங்கி ஒரு தடவை பார்த்துட்டு, அப்பாடான்னு மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு கிளம்பினார். எனக்கு என்னமோ உறுத்துச்சு, "அண்ணே, இன்னைக்கே டாக்டர்கிட்ட காமிச்சிருங்க"ன்னு கூப்பிட்டு சொன்னேன். "எதுக்குங்க, அதான் நெகட்டிவ்னு போட்டிருக்கே"ன்னார். அதுல போட்டிருந்தது "கிராம் நெகட்டிவ் பேசில்லை". பேசில்லைன்னா குச்சி வடிவக் கிருமிங்க. அதாவது கிருமி இருக்கு, அதுவும் ஒரு மில்லி யூரின்ல லட்சத்துக்கு மேல இருக்கு. அவரை உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் புரிய வச்சு அனுப்பினேன், ஆனா அந்த மாதிரி எத்தனை பேர் ஜன்னலுக்கு வெளியிலேயே திரும்பிப் போயிருப்பாங்கன்னு நினைச்சா மனசு கேக்கல. அதனால தான் இதை எழுதுறேன். லேப்ல பல வருஷமா இந்தப் பிளேட்டுகளோடவே கிடக்கிற ஒருத்தி சொல்றதா எடுத்துக்குங்க, மருந்துச் சீட்டா எடுத்துக்காதீங்க.

முதல்ல இந்த "கிராம்" என்னன்னு பார்ப்போம். எடைக் கணக்குல வர்ற கிராம் இல்ல, ஒரு ஆளோட பேரு. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்னு டென்மார்க் நாட்டு டாக்டர், பெர்லின்ல நிமோனியால செத்துப் போனவங்களோட நுரையீரல் திசுவ மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டு இருந்தவர். திசுவும் கிருமியும் ஒரே நிறமா தெரிஞ்சா எதுல எது இருக்குன்னு பிரிக்க முடியாதே, அதனால கிருமி மட்டும் தனியா தெரியட்டும்னு ஒரு சாயம் போடுற முறையை 1884ல வெளியிட்டார். அப்போ அவருக்கே தெரியாது, தான் உலகத்துல உள்ள பாக்டீரியாவை ரெண்டா பிரிச்சுட்டோம்னு. சில கிருமி சாயத்தைப் பிடிச்சு வச்சுக்கிச்சு, சிலது கழுவினதும் விட்டுடுச்சு. விட்டது நெகட்டிவ், பிடிச்சது பாசிட்டிவ், இவ்ளோ தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்.

நாங்க இப்பவும் அதைத்தான் பண்றோம். சீழையோ சளியையோ ஸ்லைடுல மெல்லிசா தேய்ச்சு காய வச்சு, தீயில லேசா காட்டி ஒட்ட வச்சு, கிரிஸ்டல் வயலெட் ஒரு நிமிஷம் ஊத்தணும், கழுவணும், அப்புறம் அயோடின் ஒரு நிமிஷம், கழுவணும். இந்த நேரத்துல எல்லாக் கிருமியும் கத்தரிப்பூ நிறம் தான். அப்புறம் வர்றது தான் முக்கியமான இடம், ஸ்லைடைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்பிரிட்டை மேல இருந்து சொட்டு சொட்டா விடணும், ஊதாத் தண்ணி சிங்க்ல ஓடும், ஓடுற தண்ணி வெளுத்த அந்த நொடியில நிறுத்தணும். கொஞ்சம் கூட விட்டா பாசிட்டிவ் கிருமியும் சாயத்தை விட்டுடும், கொஞ்சம் கம்மியா விட்டா நெகட்டிவ் கூட ஊதாவாவே நிக்கும். புதுசா வர்ற பிள்ளைங்க தப்பு பண்றது எப்பவும் இந்த இடத்துல தான். கடைசியா சாஃப்ரனின், அது சிவப்புச் சாயம். நிறம் போன கிருமி இப்போ ரோஸ் கலர்ல தெரியும். ரோஸ் கலர்ல குச்சி குச்சியா தெரிஞ்சா அது தான் கிராம் நெகட்டிவ் பேசில்லை.

ஏன் ஒண்ணு விடுது ஒண்ணு பிடிக்குதுன்னா, கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு மேல தடிமனான சுவர் இருக்கு, கம்பளி போத்தின மாதிரி, சாயம் உள்ள ஊறிடுச்சுன்னா லேசுல வெளிய வராது. கிராம் நெகட்டிவுக்கு அந்தச் சுவர் ரொம்ப மெல்லிசு, பனியன் மாதிரி, ஆனா அதுக்கு மேல கொழுப்பால ஆன ஒரு ரெயின்கோட் போட்டிருக்கும். ஸ்பிரிட் அந்தக் கொழுப்பைக் கரைச்சுடும், பனியனால சாயத்தைப் பிடிச்சு வைக்க முடியாது, ஓடிடும்.

இந்த ரெயின்கோட்டை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க, ஏன்னா கிராம் நெகட்டிவ் சம்பந்தப்பட்ட தலைவலி பாதி இதனால தான். வான்கோமைசின்னு ஒரு பெரிய ஊசி மருந்து இருக்கு, பேர் கேட்டாலே எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா அதோட மூலக்கூறு ரொம்பப் பெருசு, ரெயின்கோட்டுல இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள நுழையவே முடியாது, அதனால கிராம் நெகட்டிவுக்கு அது வேலைக்கு ஆகாது. இன்னொண்ணு, அந்த ரெயின்கோட்டோட வெளிப் பக்கத்துல எண்டோடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கு, கிருமி ரத்தத்துல கலந்து, உடைஞ்சு அது வெளிய வந்துச்சுன்னா தான் திடீர்னு குளிர் நடுக்கம், காய்ச்சல், பிரஷர் இறங்குறது எல்லாம் வர்றது.

அடுத்து, ரிப்போர்ட்ல கிராம் நெகட்டிவோட சேர்ந்து வர்ற "ஏரோபிக்"ங்கிற வார்த்தை. ஆக்சிஜன் இருக்கிற இடத்துல வளர்ற கிருமின்னு அர்த்தம். ஆனா லேப் ரிப்போர்ட்ல இதை எழுதும்போது கொஞ்சம் தாராளமா தான் எழுதுறோம், ரெண்டு கூட்டத்தையும் சேர்த்து. ஒரு கூட்டம் ஈ கோலை, கிளெப்சியெல்லா மாதிரி குடல்வாசிங்க, காத்து இருந்தாலும் வாழும் இல்லாட்டியும் வாழும். இன்னொரு கூட்டம் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் மாதிரி காத்தை நம்பியே வாழ்றதுங்க. இந்த ரெண்டையும் பிரிக்கிறது தான் எங்க ரெண்டாவது நாள் வேலையே.

முதல் நாள் என்ன நடக்கும்னா, சாம்பிள் வந்ததும் ஸ்லைடு ஒண்ணு போட்டுட்டு மீதிய பிளேட்டுல தேய்ப்போம். பிளேட்டுல இருக்கிறது அகார், ஜெல்லி மாதிரி கெட்டியா இருக்கும், கடற்பாசியில இருந்து எடுக்கிறது. நம்ம ராமநாதபுரம் கடற்கரையில பொம்பளைங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்கி முங்கி எடுக்கிறாங்களே மரிக்கொழுந்துப் பாசி, அதுலயும் அகார் தான் இருக்கு. முதல்ல ஜெர்மனியில ராபர்ட் காக் லேப்ல ஜெலட்டின்ல கிருமி வளர்த்துப் பார்த்தாங்க, வெயில் காலத்துல உருகிப் போச்சு, சில கிருமி ஜெலட்டினையே தின்னுடுச்சு. அங்க வேலை பார்த்த ஒருத்தரோட மனைவி ஃபேனி ஹெஸ், அவங்க வீட்டுச் சமையல்ல ஜெல்லி செய்றதுக்குப் போடுற அகாரைப் போட்டுப் பாருங்கன்னு 1881ல யோசனை சொன்னாங்க. அடுப்படியில இருந்து வந்த அந்த யோசனை தான் இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா ஓடுது, அவங்க பேரு அந்த அளவுக்கு யாருக்கும் தெரியாதுங்கிறது எனக்கு ஒரு வருத்தம்.

யூரின்னா ஒரு கணக்கு இருக்கு. நாங்க தேய்க்கிற லூப் ஒரு மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு தான் எடுக்கும். மறுநாள் பிளேட்டுல நூறு புள்ளி வளர்ந்திருந்தா நூறு பெருக்கல் ஆயிரம், ஒரு மில்லிக்கு ஒரு லட்சம். அந்த லட்சம் தான் வழக்கமான எல்லைக்கோடு. சாம்பிளைக் கொண்டு வந்து ரெண்டு மூணு மணி நேரம் வெயில்ல பைக்ல வச்சுட்டு குடுத்தா பத்தாயிரம் இருந்தது லட்சமாயிடும், ஏன்னா ஈ கோலைக்கு நல்ல சூடு கிடைச்சா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிக்கும். யூரின் டப்பாவை உடனே குடுங்கன்னு நாங்க கத்துறது இதுக்குத் தான்.

பிளேட்ட ராத்திரி பூரா 37 டிகிரி சூட்டுல இன்குபேட்டர்ல வச்சுட்டா, மறுநாள் காலைல திறக்கும்போது தான் எங்களுக்குத் தெரியும் யார் வந்திருக்காங்கன்னு. மெக்கான்கி அகார்னு ஒரு பிளேட் உண்டு. அதுல பித்த உப்பும் கிரிஸ்டல் வயலெட்டும் கலந்திருக்கும், கிராம் பாசிட்டிவ் பெரும்பாலும் அதுல வளராது. கூடவே லாக்டோஸ், அதான் பாலில் இருக்கிற சர்க்கரை, அப்புறம் புளிப்பு வந்தா சிவக்கிற ஒரு சாயம். லாக்டோஸைப் புளிக்க வைக்கிற கிருமின்னா புள்ளி ரோஸ் கலர்ல இருக்கும், ஈ கோலைன்னா தட்டையா வறண்ட ரோஸ், கிளெப்சியெல்லான்னா கொழகொழன்னு சளி மாதிரி ரோஸ். புளிக்க வைக்காததுன்னா வெளுத்துப் போய் நிறமே இல்லாம நிக்கும்.

புளிக்கிறதுன்னா என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்ல. இட்லி மாவை ராத்திரி மூடி வச்சா காலைல பொங்கி, ஓட்டை ஓட்டையா, புளிச்ச வாசனையோட இருக்கும்ல, அதே தான். அது வேற கிருமி, ஆனா வேலை அதே வேலை, சர்க்கரையைச் சாப்பிட்டு ஆசிட்டும் காத்தும் விடுறது. டி.எஸ்.ஐ.னு சர்க்கரை கலந்த ஜெல்லி டியூப் ஒண்ணு வச்சிருப்போம், சிவப்பா இருக்கும், ஈ கோலை போட்டா மறுநாள் முழுசா மஞ்சளாகி அடியில காத்து தள்ளி ஜெல்லியே வெடிச்சிருக்கும். சூடோமோனாஸ் போட்டா போட்ட சிவப்பு அப்படியே இருக்கும், அது புளிக்க வைக்காது, காத்தை இழுத்து மூச்சு விட்டே பிழைக்கிற ஜாதி. இதைத்தான் "நான்-ஃபெர்மென்ட்டர்", அதாவது புளிக்க வைக்காததுன்னு ரிப்போர்ட்ல எழுதுவோம்.

அந்த மூச்சையே நேரடியா பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆக்சிடேஸ். வடிதாள்ல ஒரு சொட்டு மருந்து விட்டு, பிளேட்டுல இருந்து ஒரு புள்ளியை மரக்குச்சியால எடுத்து அதுல தேய்க்கணும். மூச்சு விடுற அந்த நொதி இருந்துச்சுன்னா பத்து செகண்டுக்குள்ள தேய்ச்ச கோடு கருநீலமா மாறும், நாவல் பழம் தின்ன நாக்கு மாதிரி. இல்லாட்டி வெள்ளையாவே கிடக்கும். இரும்புக் கம்பியால எடுத்தா இரும்பே அதை நிறம் மாத்திடும், பொய்யா பாசிட்டிவ் காட்டும், மெக்கான்கி பிளேட்டுல இருந்து எடுத்தாலும் அந்தப் புளிப்பு கெடுத்துடும். சூடோமோனாஸ் நீலமாகும், அசினெட்டோபாக்டர் ஆகாது, ஈ கோலை கூட்டமும் ஆகாது. பத்து செகண்ட்ல இவ்ளோ பெரிய பிரிவினை கிடைக்குது பாருங்க.

இப்போ பெரிய ஆஸ்பத்திரிகள்ல மால்டி டாஃப்னு மெஷின் வந்துடுச்சு, ஒரு புள்ளியைத் தட்டுல தேய்ச்சு லேசர் அடிச்சா சில நிமிஷத்துல பேர் சொல்லிடும். ஆனாலும் கிருமி முதல்ல வளரணும்ல, ஒரு ராத்திரி அதுக்குப் போயே தீரும். ரத்தத்துல கிருமி இருக்கான்னு பார்க்கிறப்போ மட்டும் கதை கொஞ்சம் வேற, பாட்டில் மெஷின்ல இருக்கும்போதே கிருமி வளர்ற அறிகுறி வந்தா சத்தம் குடுக்கும், உடனே ஒரு சொட்டு எடுத்து கிராம் போட்டு ரோஸ் குச்சி தெரிஞ்சா ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம ஐ.சி.யூ.வுக்குப் போன் போட்டுச் சொல்லிடுவோம்.

சூடோமோனாஸ் எரூஜினோசாவைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா அது எங்க வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போச்சு. எங்க சித்தப்பாவுக்கு இருபது வருஷமா சுகர். கால் பெருவிரல்ல செருப்பு கடிச்ச புண்ணு. ரெண்டு வாரம் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டார், அப்புறம் ஒரு கிளினிக்ல அஞ்சு நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாங்க, யாரும் கல்ச்சர் எடுக்கல. நான் ஊருக்குப் போனப்போ சித்தி கட்டைப் பிரிச்சாங்க, பஞ்சுல பாசி பிடிச்ச மாதிரி நீலப்பச்சைக் கறை, கூடவே அழுகின திராட்சை மாதிரி ஒரு இனிப்பு நாத்தம். இந்த நாத்தம் எனக்கு இன்குபேட்டர் திறக்கும்போது தினமும் வர்ற நாத்தம். "சித்தி, அந்த ஊசி இதுக்குக் கேக்கவே கேக்காது"ன்னு அங்கயே சொல்லிட்டேன்.

அந்தப் பச்சை நிறம் தான் இந்தக் கிருமியோட கையெழுத்து. 1882லயே கார்ல் ஜெசார்னு பிரான்ஸ் நாட்டுக்காரர் காயக் கட்டுத் துணியில வர்ற நீலப்பச்சைக் கறை எங்க இருந்து வருதுன்னு ஆராய்ச்சி பண்ணித்தான் இந்தக் கிருமியைப் பிரிச்செடுத்தார். தண்ணி இருக்கிற இடமெல்லாம் இருக்கும், குழாய் முனை, சிங்க், சோப்புத் தண்ணி, கான்டாக்ட் லென்ஸ் டப்பா. 2023ல அமெரிக்காவுல கண்ணுல விடுற சொட்டு மருந்து மூலமா மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் பரவி, 18 மாநிலத்துல 81 பேருக்கு வந்துச்சு, 4 பேர் இறந்தாங்க, 14 பேருக்குப் பார்வை போச்சு. அந்தச் சொட்டு மருந்து தயாரானது நம்ம தமிழ்நாட்டுல. அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

சூடோமோனாஸுக்குப் பிறவியிலேயே சில மருந்து கேக்காது. அமாக்சிசிலின், அமாக்சிக்ளாவ், செஃப்ட்ரியாக்சோன், எர்டாபெனம், டைஜிசைக்ளின், எதையும் டெஸ்ட் பண்ணிக்கூடப் பார்க்க வேண்டியதில்ல. உள்ள போற மருந்தைப் பம்ப் வச்சு வெளிய இறைச்சுத் தள்ளும், ரெயின்கோட் ஓட்டையைக் குறைச்சுக்கும், போதாததுக்கு மருந்தை வெட்டுற நொதியும் வச்சிருக்கும். கேக்கிறது செஃப்டாசிடிம், செஃபெபிம், பைபராசிலின் டாசோபாக்டம், மெரோபெனம் மாதிரி ஊசிங்க தான். வாயால சாப்பிடுறதுல சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் கூட்டம் மட்டும் தான் மிச்சம், அதையும் சளிக்கும் வயித்துப்போக்குக்கும் சும்மா சும்மா வாங்கிப் போட்டு வீணாக்கிக்கிட்டு இருக்கோம்.

அப்போ எந்த ஊசி கேக்கும்னு எப்படித் தெரியும்? அது தான் ரெண்டாம் நாள் சாயங்காலம் போடுற டிஸ்க் டெஸ்ட். கிருமியைத் தண்ணியில கலக்கி, கலங்கல் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் புதுப் பிளேட் முழுக்கப் பஞ்சுக் குச்சியால மூணு திசையில தேய்ச்சு, மேல பொட்டு மாதிரி மருந்துக் காகிதத்தை வரிசையா வைப்போம். 16ல இருந்து 18 மணி நேரம். மறுநாள் பார்த்தா வளர்ச்சி வெள்ளைப் புல்வெளி மாதிரி பரவியிருக்கும், கேக்கிற மருந்தைச் சுத்தி மட்டும் வட்டமா வெறுமையா இருக்கும். அந்த வட்டத்தை மில்லிமீட்டர்ல ஸ்கேல் வச்சு அளக்குறோம்.

இங்க தான் கிருமியோட பேர் ஏன் முக்கியம்னு புரியும். செஃப்டாசிடிம் வட்டம் 18 மில்லிமீட்டர்னு வைங்க. நாங்க பார்க்கிறது சி.எல்.எஸ்.ஐ.ங்கிற அமெரிக்க அமைப்போட அட்டவணை, அதுல சூடோமோனாஸுக்கு 18ன்னா சென்சிட்டிவ், அதாவது மருந்து கேக்கும், தாராளமா குடுக்கலாம். அதே 18 ஈ கோலைக்கு வந்தா அது நடுவாந்தரம், சென்சிட்டிவ்னு சொல்ல 21 வேணும். அதே மருந்து, அதே வட்டம், அதே ஸ்கேல், பேர் மாறினா பதிலே மாறிடுது. பேரை அவசரமா எழுதிட்டா கீழ இருக்கிற மொத்த லிஸ்டும் பொய்.

இன்னொரு விஷயம், ரிப்போர்ட்ல "எஸ்"னு, அதாவது சென்சிட்டிவ்னு இருக்கிற மருந்துலயே பெரிய வட்டம் வந்ததைத் தேர்ந்தெடுக்கிறது, பெருசா இருக்கு அப்போ பவரா இருக்கும்னு, அது தப்பு. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி எல்லை, ஒண்ணை இன்னொண்ணோட ஒப்பிட முடியாது. எந்த இடத்துல நோய்ன்னும் பார்க்கணும். நைட்ரோஃப்யூரன்டாயின் மூத்திரப் பையில நல்லா சேரும், சாதாரண யூரின் எரிச்சலுக்கு அருமையான மாத்திரை, ஆனா கிட்னிக்குள்ள ஏறிட்டாலோ ரத்தத்துல போயிட்டாலோ அங்க அது போய்ச் சேராது, ரிப்போர்ட்ல எஸ்னு இருந்தாலும். புரோட்டியஸ்னு ஒண்ணு இருக்கு, பிளேட்டுல அலை அலையா பரவிப் போகும், அதுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் பிறவியிலேயே கேக்காது.

ஈ கோலையும் கிளெப்சியெல்லாவும் தான் தினமும் நாங்க பார்க்கிறது. அதுல பாதிக்கு மேல இ.எஸ்.பி.எல். பிளேட்டா தான் என் கண்ணுல படுது. அதாவது செஃப்ட்ரியாக்சோன் மாதிரி மருந்தையெல்லாம் வெட்டிப் போடுற நொதி. அந்தக் கிருமி ரத்தத்துல வந்தா பைபராசிலின் டாசோபாக்டம் குடுத்துச் சமாளிக்கலாமா, மெரோபெனம் தான் குடுக்கணுமான்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, 2018ல வெளியாச்சு, மெரினோன்னு பேரு. பைபராசிலின் குடுத்தவங்கள்ல 30 நாள்ல இறந்தது நூத்துக்கு 12.3, மெரோபெனம் குடுத்தவங்கள்ல 3.7. அதனால ரத்தத்துல வந்தா மெரோபெனம்.

ஆனா மெரோபெனத்தையும் வெட்டுற நொதி வந்துடுச்சே. என்.டி.எம்.1. 2008ல ஸ்வீடன்ல ஒரு நோயாளிகிட்ட முதல்ல கண்டுபிடிச்சாங்க, அவர் அதுக்கு முன்ன டெல்லியில ஆஸ்பத்திரியில இருந்தவர், அதனால நியூ டெல்லிங்கிற பேரையே என்.டி.ன்னு சுருக்கி வச்சாங்க, அதுக்கு நம்ம நாட்டுல பெரிய எதிர்ப்பு கிளம்புச்சு. 2010ல லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையில முதல் பேரு சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியோடது, சென்னையில மட்டும் 44 கிருமியில அது இருக்குன்னு எழுதினாங்க. பேரைப் பத்திச் சண்டை போட்டதுல பாதியை நாம கிருமியைப் பத்திப் போட்டிருக்கலாம்னு எனக்கு இப்பவும் தோணும். என்.டி.எம். இருந்தா செஃப்டாசிடிம் அவிபாக்டம் தனியா கேக்காது, கூட அஸ்ட்ரியோனம் சேர்த்துக் குடுக்குறாங்க. இல்லாட்டி கோலிஸ்டின், கிட்னியைக் கெடுக்குதுன்னு ஒரு காலத்துல ஓரங்கட்டின பழைய மருந்து, வேற வழியில்லாம திரும்பக் கூட்டிட்டு வந்தது. அதை டிஸ்க் வச்சு நம்பகமா டெஸ்ட் பண்ணவும் முடியாது. இந்த மருந்தைத்தான் கோழிக்கும் தீவனத்துல போட்டுக்கிட்டு இருந்தாங்க, 2019ல தான் இந்தியாவுல தடை பண்ணாங்க.

அசினெட்டோபாக்டர் பத்தி சுருக்கமா, அது ஐ.சி.யூ. கிருமி, வறண்ட கட்டில் கம்பியில கூட நாள் கணக்குல உசுரோட கிடக்கும், கை கழுவுறது தான் முதல் மருந்து. ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ்னு ஒண்ணு, மெரோபெனமே அதுக்குப் பிறவியில கேக்காது, பழைய கோட்ரைமாக்சசோல் கேக்கும். பெரிய மருந்து எல்லாத்துக்கும் பெரிய மருந்து இல்லைங்கிறதுக்கு இது நல்ல உதாரணம்.

நான் சொல்லாம விடவே மாட்டேன்னு நினைக்கிற கிருமி ஒண்ணு இருக்கு, மெலியாய்டோசிஸ்ங்கிற நோயை வரவைக்கிறது, பர்க்ஹோல்டெரியா சூடோமலாய். 1911ல ரங்கூன்ல ஆல்ஃப்ரெட் விட்மோரும் அவரோட உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனையில கண்டுபிடிச்சு 1912ல எழுதினாங்க. வயல் மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கும், மழைக்காலத்துல வரும், சுகர் இருக்கிறவங்களைத் தேடிப் பிடிக்கும். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல்னு எங்க வேணா சீழ்க் கட்டி. டி.பி.ன்னு நினைச்சு மாசக்கணக்குல டி.பி. மாத்திரை சாப்பிட்டவங்க உண்டு. நம்ம தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் இது இருக்கு, தேடினவங்க கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு.

பிரச்சனை என்னன்னா லேப்ல இது சூடோமோனாஸ் மாதிரியே இருக்கும், ஆக்சிடேஸ் நீலம், புளிக்காது, அதனால "சூடோமோனாஸ் வகை"ன்னு எழுதித் தள்ளிடுறாங்க. பிடிக்கிறதுக்கு எளிய வழி இருக்கு. மைக்ராஸ்கோப்ல குச்சியோட ரெண்டு முனையும் மட்டும் சாயம் ஏறி ஊக்கு மாதிரி தெரியும், பிளேட் ரெண்டு மூணு நாள் ஆனா புள்ளி காஞ்சு சுருங்கி அப்பளம் மாதிரி மடிப்பு விழும். ஜென்டாமைசினும் கோலிஸ்டினும் கேக்காது, ஆனா சூடோமோனாஸுக்குக் கேக்கவே கேக்காத அமாக்சிக்ளாவ் இதுக்குக் கேக்கும். இந்த மூணும் சேர்ந்து வந்தா பிளேட்ட மூடி, மோந்து கீந்து பார்க்காம, பாதுகாப்புப் பெட்டிக்குள்ள கொண்டு போய் வச்சுட்டு டாக்டரைக் கூப்பிடணும். செஃப்டாசிடிம் இல்ல மெரோபெனம் ஊசி குறைஞ்சது பத்துப் பதினாலு நாள், அதுக்கப்புறம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை குறைஞ்சது மூணு மாசம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திட்டு நாத்து நடப் போயிடுவாங்க, திரும்ப வந்துடும்.

எல்லாத்துக்கும் மருந்து குடுக்கணும்னும் இல்ல. யூரின் டியூப் போட்டுப் படுத்திருக்கிறவங்க யூரின்ல கிருமி இருக்கத்தான் செய்யும், காய்ச்சல், வேற தொந்தரவு எதுவும் இல்லாட்டி பெரும்பாலும் அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். புண்ணுக்கு மேல பஞ்சால தொட்டு எடுத்தா மேல சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிறதெல்லாம் வளரும், கழுவிட்டு உள்ளிருந்து சதையை எடுத்துக் குடுத்தா தான் உண்மையான ஆள் வருவான். கல்ச்சர் சாம்பிளை முதல் ஊசிக்கு முன்னாடி எடுக்கணும். ஆனா ஆள் மயங்கிப் பிரஷர் இறங்கிக் கிடந்தா ரத்தத்தை எடுத்த கையோட ஊசியைப் போட்டுடணும், அங்க ஒரு மணி நேரம் கூட காத்திருக்கக் கூடாது. மூணு நாள் கழிச்சு எங்க ரிப்போர்ட் வந்ததும் பெரிய ஊசியைக் குறைச்சு, கேக்கிற சின்ன மருந்துக்கு இறக்கணும்.

மெடிக்கல் ஷாப்ல செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் மாதிரி அட்டையில சிவப்புக் கட்டம் போட்டு எச்1னு இருந்தா, அது சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்து. 2014 மார்ச்ல இருந்து, யார் எழுதினாங்க, யாருக்கு எழுதினாங்கன்னு கடைக்காரர் நோட்டுல எழுதி மூணு வருஷம் வைக்கணும். எங்க சித்தப்பா வாங்கின கடையில அந்த நோட்டு இருந்துச்சான்னு நான் கேக்கல, கேட்டிருக்கணும்.

அவருக்கு ஒரு வழியா வேற ஆஸ்பத்திரியில சர்ஜன் புண்ணைத் திறந்து, செத்த சதையை எல்லாம் வெட்டிக் கழுவி, உள்ளிருந்து எடுத்த துண்டை உப்புத் தண்ணி டப்பாவுல போட்டு என் கையிலேயே குடுத்தார். மறுநாள் காலைல பிளேட் பூரா பச்சை, ஆக்சிடேஸ் நீலம், அதுக்கு மறுநாள் செஃப்டாசிடிம் வட்டம் 24. அன்னைக்கே ஊசியை மாத்தினாங்க. பெருவிரல் போச்சு, எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு, கால் தப்பிச்சுது. இப்போ முன்பக்கம் மூடின செருப்பு போட்டு நடக்குறார், ராத்திரி படுக்கும்போது சித்தி டார்ச் அடிச்சு ரெண்டு பாதத்தையும் பார்க்குறாங்க.